அப்பா உயில் எழுத மாட்டேன் என்கிறார்: படகு, வீடு, தென்னந்தோப்பு. என்ன செய்யலாம்?

வடக்குக்கடலான் (ஞாயிறு, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ராமநாதபுரம் பக்கம் மண்டபம். நான் 11 வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. போன மாதம் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, 4 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது பரவாயில்லை, கரையில் வந்து உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சொத்து என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா பெயரில் ஒரு விசைப்படகு. தாத்தா காலத்து மனையில் வீடு, பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. உச்சிப்புளி பக்கம் 60 சென்ட் தென்னந்தோப்பு, 2001-ல் அப்பா வாங்கியது. பேங்கில் கொஞ்சம் டெபாசிட், நாமினி அம்மா. படகு மேல் வியாபாரியிடம் வாங்கிய அட்வான்ஸ் கொஞ்சம் நிற்கிறது.

நாங்கள் 3 பேர். நான் மூத்தவன். அடுத்தது தங்கச்சி, தேவிபட்டினத்தில் கட்டிக்கொடுத்தோம், செய்ய வேண்டியதை நல்லபடியாகச் செய்து அனுப்பினோம். கடைசி தம்பி. படகை ஓட்டுவது அவன்தான்.

தம்பிக்கும் எனக்கும் பிரித்து ஒரு உயில் எழுதிவிட்டால் பின்னால் தகராறு வராது என்று நினைத்து போனில் பேச்சை எடுத்தேன். "என்னைக் கரையேத்தி வெச்சிட்டியாடா?" என்று, ஓடாத படகைச் சொல்வது போலக் கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை.

என் கேள்வி இரண்டு. உயில் நல்லதா, இல்லை இப்போதே செட்டில்மெண்ட் எழுதி சொத்தை மாற்றி வாங்கிவிடுவதா? அப்புறம், இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஓட்டைவள்ளம் (ஞாயிறு, இரவு 11.15)

செட்டில்மெண்ட்தான் அண்ணே. உயிலை எப்ப வேணாலும் மாத்திடுவாங்க. கையில வாங்கிட்டா வாங்கினதுதான்.

பழையபத்திரம் (திங்கள், காலை 6.05)

தம்பி, நான் 31 வருடம் பத்திரம் எழுதியவன். ராமநாதபுரம், கீழக்கரை, திருவாடானை என்று மூன்று பத்திர ஆபீஸ் வாசலிலும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கண் சரியில்லை, எழுதுவதில்லை.

மேலே ஒருவர் "வாங்கினா வாங்கினதுதான்" என்கிறார். அதில்தான் வினையே. செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். பிறகு அப்பா மனம் மாறினாலும் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. 74 வயதில், சம்பாத்தியம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மருமகள் கையில் காபி வாங்கிக் குடிக்கிற நிலைமை எல்லோருக்கும் ஒத்து வராது. உங்கள் வீட்டில் எல்லோரும் தங்கமாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடமே என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுத பெரியவர்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது.

இதற்கு 2007-ல் மூத்த குடிமக்கள் சட்டம் வந்தது. அதில் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியரிடம் மனு போட்டு அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வைக்கலாம் என்கிறது. ஆனால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழி சுலபம். "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் அலைச்சல்தான்.

செலவும் இருக்கிறது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றியது இது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதி, 2 சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு செய்வது அவர் விருப்பம்.

அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: உயில் எழுதினாலும் கடைசி மூச்சு வரை படகும் தோப்பும் அவருடையதுதான். நாளைக்கே விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். கரையேற்றுவது செட்டில்மெண்ட். உயில் நங்கூரம் மாதிரி, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம்.

முண்டுமிளகாய் (திங்கள், காலை 8.20)

"செய்ய வேண்டியதை நல்லபடியாகச் செய்து அனுப்பினோம்." இந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு அடிவயிறு எரிகிறது. எங்கள் வீட்டிலும் இதே வரிதான். அண்ணன்களுக்கு வீடு, எனக்கு "செய்தாச்சு".

கேள்வி உயிலா செட்டில்மெண்டா என்பதில்லை. தங்கச்சியிடம் யாராவது கேட்டீர்களா?

ஓட்டைவள்ளம் (திங்கள், காலை 8.50)

அக்கா, எங்க பக்கம் பொண்ணுக்கு நகை, பையனுக்குப் படகு. காலங்காலமா அப்படித்தான். சண்டையே வந்ததில்ல.

முண்டுமிளகாய் (திங்கள், காலை 8.58)

சண்டை வரவில்லையா, வாயைத் திறக்கவில்லையா?

கோர்ட்டுவாசல் (திங்கள், பகல் 1.30)

மதிய இடைவேளை. ராமநாதபுரத்தில் சிவில் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். இது பொதுவான விளக்கம். பத்திரங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

முதலில், உயில் இல்லாமல் அப்பா போய்விட்டால் என்ன ஆகும்? நீங்கள் இந்து என்று எடுத்துக்கொள்கிறேன். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கச்சி, தம்பி, நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. நகை போட்டது, சீர் செய்தது எதையும் சட்டம் கழிக்காது. தங்கச்சிக்கு வேண்டாம் என்றால் அவர்தான் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், அண்ணன் முடிவு செய்ய முடியாது. அப்பா தன் சுயார்ஜிதத்தை (தானே சம்பாதித்த சொத்தை) உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அது உண்மை. ஆனால் ஒரு பிள்ளையைக் காரணம் சொல்லாமல் விட்ட உயில்தான் கோர்ட்டுக்கு முதலில் வரும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. "தாத்தா காலத்து மனை, பட்டா அப்பா பெயரில்." தாத்தா எப்போது இறந்தார்? உயில் எழுதினாரா? அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?

பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அதுவே உரிமை ஆகிவிடாது. அப்பாவுக்கு இல்லாத பங்கை அப்பா உயிலில் எழுத முடியாது.

வடக்குக்கடலான் (திங்கள், இரவு 9.10)

தாத்தா 1994-ல் இறந்தார். உயில் எதுவும் இல்லை. அப்பத்தா 2003-ல். அப்பாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு, எங்கள் அத்தை, பரமக்குடியில் இருக்கிறார். அவரும் எதுவும் கேட்டதில்லை.

கோர்ட்டுவாசல் (திங்கள், இரவு 10.00)

மனை தாத்தா வாங்கியது என்றால் கணக்கு இப்படிப் போகும். தாத்தா இறந்த அன்று அப்பத்தா, அப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பத்தா போனதும் அவர் பங்கு அப்பாவுக்கும் அத்தைக்கும் சமம். ஆக அந்த மனையில் பாதி அத்தையுடையது. 30 வருடமாகக் கேட்கவில்லை என்பதால் மட்டும் அது போய்விடாது. அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் கேட்கலாம். அவர்கள் மண்டபத்தில் வளர்ந்தவர்கள் இல்லை, உங்கள் அப்பா முகத்தைப் பார்த்துத் தயங்க மாட்டார்கள்.

உயிலுக்கு முன்னால் அத்தையிடம் போங்கள்.

பழையபத்திரம் (செவ்வாய், காலை 5.50)

வக்கீல் சரியாகப் பிடித்தார். நான் பட்டா என்றதும் தாண்டிப் போய்விட்டேன். வயசாகிவிட்டது.

மூக்கையூர்க்காரன் (செவ்வாய், மாலை 4.15)

சாட்சி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் பட்டதைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். என் மாமனார் உயில் எழுதும்போது வீட்டில் படித்தவர் மூத்த மாப்பிள்ளைதான் என்று அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இன்னொரு சாட்சி கோயில் பிள்ளை, அதாவது சர்ச் ஊழியர். மாமனார் இறந்து உயிலைப் பிரித்தால், மூத்த மகளுக்கு எழுதிய பங்கு செல்லாது என்றார்கள். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-வது பிரிவு: சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாது. உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் போய்விடும். மனுஷன் கையெழுத்துப் போட்டு, கட்டிய மனைவியின் பங்கை அழித்தார். இன்றுவரை அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு தனித்தனி இலைதான்.

இன்னொன்று. எங்களுக்கு உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்து. மனைவி இறந்து மறுமணம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

கோர்ட்டுவாசல் (செவ்வாய், மாலை 6.40)

சரியாகச் சொன்னார். சாட்சி, கல்யாணம், இந்த இரண்டு விதியும் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாது. ஆனாலும் பங்கு வாங்குகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

சாட்சி என்பவர் வெறும் கையெழுத்து இல்லை. நாளைக்கு வழக்கு வந்தால் 2 சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, "அவர் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன், அவர் பார்க்க நானும் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 67. அதனால் அப்பா வயதுள்ள கூட்டாளியைப் பிடிக்காதீர்கள். 40 வயதுக்காரர், உள்ளூரில் இருப்பவர், ஒருவராவது கடலுக்குப் போகாதவராக இருக்கட்டும். டாக்டர் சாட்சியாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது, "சுயநினைவோடு இருந்தார்" என்பதற்கும் சேர்த்து ஆயிற்று.

வடக்குக்கடலான், இன்னொன்று. நீங்கள் சிங்கப்பூரில் இருந்து வாசகம் அடித்து அனுப்பி, நீங்களே பத்திர எழுத்தருக்குக் காசும் அனுப்பி, உயிலில் பெரும்பங்கும் உங்களுக்கு வந்தால், அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்பார்கள். 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது உயிலைக் காட்டுகிறவர். பேனாவை அப்பா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்குங்கள்.

கீழக்கரைராத்தா (செவ்வாய், இரவு 9.30)

அஸ்ஸலாமு அலைக்கும். இந்துச் சட்டமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எங்களுடையதையும் எழுதி வைக்கிறேன். பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையத்தில் பார்த்து உயில் எழுதுகிறார்கள்.

முஸ்லிம்கள் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, அதுவும் அடக்கச் செலவும் கடனும் போக மீதியில். அந்த மூன்றில் ஒன்றையும் வாரிசாக இருப்பவருக்கே எழுதினால், மற்ற வாரிசுகள் மவுத்துக்கு (இறப்புக்கு) பிறகு ஒப்புக்கொண்டால்தான் செல்லும். மீதி எல்லாம் பராயிள், அதாவது மார்க்கம் சொல்லும் பங்குக் கணக்குப்படி. பிள்ளை உள்ளவர் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு 2 என்றால் மகளுக்கு 1.

ஆனால் எங்கள் ஊரில் இருக்கிற வீடு பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைக்குத்தான். மகள் பிறந்ததுமே வாப்பா வீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வருவார். இதை உயிலில் செய்ய முடியாது, வாப்பா உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுக்க வேண்டும். கொடுத்தேன் என்று சொல்வது, அவள் ஏற்றுக்கொள்வது, வீட்டை ஒப்படைப்பது, மூன்றும் நடக்க வேண்டும். வாயால் சொன்னாலே செல்லும் என்பார்கள். சரி, செல்லும். ஆனால் கரண்ட் பில்லும் வீட்டு வரியும் 20 வருடமாக வாப்பா பெயரிலேயே இருந்தால், காக்காமார்களின் (அண்ணன்மார்களின்) பிள்ளைகள் கேட்கும்போது எதைக் காட்டுவது? பதிந்துவிடுங்கள்.

எங்கள் சட்டத்தில் உயில் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. வாப்பா உயிரோடு இருக்க மகன் முந்திப் போய்விட்டால், மற்ற மகன்கள் இருக்கும்போது அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை. என் உம்மாவின் தம்பி சவுதியில் விபத்தில் போனார். 2 பிள்ளைகள். பாட்டனார் கடைசி வரை "எழுதிடலாம், எழுதிடலாம்" என்றுகொண்டிருந்தார், எழுதவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே இருக்கிறது. ரமலான் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

முண்டுமிளகாய் (செவ்வாய், இரவு 9.55)

ராத்தா, மகளுக்கு வீடு என்பதைப் படித்து ஓட்டைவள்ளம் தம்பி இன்று தூங்க மாட்டார்.

ஓட்டைவள்ளம் (செவ்வாய், இரவு 10.10)

தூக்கம் வருது அக்கா. ஆனா ஒரு சந்தேகம், நிஜமாவே கேக்குறேன். எங்க வீடு கடற்கரைப் புறம்போக்கு. பட்டா இல்ல. அதை உயில்ல எழுதலாமா?

பழையபத்திரம் (புதன், காலை 6.00)

மண் அரசாங்கத்துடையது தம்பி, அதை எழுத முடியாது. கட்டடத்தையும், இத்தனை வருட அனுபவத்தையும், பின்னால் அரசு பட்டா கொடுத்தால் அது யாருக்குப் போக வேண்டும் என்ற விருப்பத்தையும் எழுதலாம். தாசில்தாரை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வீட்டுக்குள் சண்டையைக் குறைக்கும். வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில். 1964 புயலில் தனுஷ்கோடியில் இருந்து உடுத்திய துணியோடு வந்தவர்களுக்கு நான் பிற்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீடு போனதை விட "பத்திரப் பெட்டி போச்சே" என்றுதான் அழுதார்கள். பதிந்த பத்திரம் என்றால் நகல் எடுக்கலாம், பதியாததை எங்கே போய்த் தேடுவது?

அலைவாய் (புதன், இரவு 11.50)

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஊர் திருப்பாலைக்குடி பக்கம்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்று தர முடியாது, 7 வருடம் கேள்விப்படாமல் இருந்தால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியும் என்றார்கள். உயில் இருந்திருந்தாலும் பிரித்திருக்க முடியாது. நாமினி நான்தான், அதனாலும் ஒன்றும் ஆகவில்லை. இறந்தால்தானே நாமினி.

என் கைக்கு வந்தது ஒரே ஒரு கணக்கு. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இரண்டு பேர் பெயரிலும் போட்டிருந்த சேமிப்புக் கணக்கு. அதில் 23,000 ரூபாய் இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளுக்குக் கட்டினேன்.

கடலுக்குப் போகிறவர்கள் உயிலை அப்புறம் எழுதுங்கள். முதலில் கணக்கில் மனைவி பெயரைச் சேருங்கள்.

கோர்ட்டுவாசல் (வியாழன், காலை 7.30)

அலைவாய் அம்மா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நாமினி பற்றி மட்டும் சொல்கிறேன். பேங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருப்பவர், அவ்வளவுதான். பணம் வாரிசுகளுக்கோ உயிலில் உள்ளவருக்கோ சேர வேண்டியது. 2025 நவம்பர் முதல் 4 பேர் வரை நாமினி போடலாம், ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஆயுள் காப்பீடு மட்டும் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினி என்றால் பணம் அவர்களுக்கே உரியது. வடக்குக்கடலான், அம்மா நாமினி என்று நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம், டெபாசிட்டையும் உயிலில் எழுதச் சொல்லுங்கள்.

வடக்குக்கடலான் (ஞாயிறு, இரவு 11.20)

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் ஓடிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தைக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "உங்கப்பன் அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே கைநாட்டு வெச்சிருப்பேன். 30 வருஷமா யாரும் கேக்கலையேய்யா."

இதோடு முடிந்தது, அத்தை சும்மா எழுதிக் கொடுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. 3 லட்சம் கேட்டார். பேத்தி நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்னதும், "என் கூடப்பிறந்தவளே என்கிட்ட விலை பேசுறாளா" என்று குதித்தார். அம்மாதான் அவரை உட்கார வைத்து, அந்த மனையில் பாதி இன்றைக்கு என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அப்பாவே பரமக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விடுதலைப் பத்திரம். பணம் நான் அனுப்புகிறேன்.

அதற்குப் பிறகு உயில் பேச்சை அவரேதான் எடுத்தார்.

பழையபத்திரம் (திங்கள், காலை 5.45)

நல்ல காரியம். இப்போது உயில் வாசகத்துக்கு வருவோம். மனைக்கு சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை எல்லாம் வேண்டும். தோப்புக்கு 2001 பத்திரத்தின் ஆவண எண். "என் வீடு" என்று மட்டும் எழுதினால் 20 வருடம் கழித்து எந்த வீடு என்பான். வியாபாரி அட்வான்ஸை மறக்க வேண்டாம், படகு யாருக்கோ அந்தக் கடனும் அவருக்கே என்று தெளிவாக எழுதுங்கள்.

அப்பாவால் பதிவு அலுவலகத்துக்கு வர முடிந்தால் பதிந்துவிடுங்கள். படுத்த படுக்கை என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் வழி உண்டு. உயில் தனிப் புத்தகத்தில், மூன்றாம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரியாது, அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். ரகசியம் நல்லதுதான், ஆனால் எழுதியிருக்கிறது என்பதாவது ஒருவருக்குத் தெரிய வேண்டும். யாருக்கும் சொல்லாமல் போன உயிலை எலி படித்த கதையும் எனக்குத் தெரியும்.

கோர்ட்டுவாசல் (திங்கள், பகல் 1.20)

அம்மாவுக்கு என்ன எழுதுகிறீர்கள்? பெரும்பாலும் "என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அவளுக்குப் பின் மகன்" என்று எழுதுவார்கள். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது முழு உரிமையாகவே மாறிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் தீர்ப்பு. வாரிசுரிமைச் சட்டத்தில் முழு உரிமை தரும் 14(1)-ஆ, வரம்புள்ள உரிமையான 14(2)-ஆ என்று அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. அம்மாவுக்கு ஒன்றை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அதை அம்மா தன் உயிலில் எழுதட்டும்.

வடக்குக்கடலான் (வியாழன், இரவு 10.30)

அப்பா சொல்லச் சொல்லத் தம்பி மகள் நோட்டில் எழுதியிருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

வீடு அம்மாவுக்கு, முழுசாக. படகு தம்பிக்கு, அட்வான்ஸ் கடனோடு. டெபாசிட் எனக்கு. தோப்பு தங்கச்சிக்கு.

தோப்பு 60 சென்டும் தங்கச்சிக்கா என்று எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது, மறைக்கவில்லை. கீழே காரணம் எழுதச் சொல்லியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: "2016-ல் படகு எஞ்சின் இறங்கியபோது என் மகள் தன் நகை 14 சவரனைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்து எஞ்சின் வாங்கினேன். நகையை மீட்டுக் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை."

நான் அப்போது இங்கே வந்து 2 வருடம். கடனை அடைக்கவே சம்பளம் போதாத நேரம், வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரியும். முண்டுமிளகாய் அக்கா, முதல் பதிவில் நான் எழுதிய அந்த வரியை அழிக்கலாம் என்று போனேன். அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முண்டுமிளகாய் (வியாழன், இரவு 10.45)

14 சவரன்.

இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

கோர்ட்டுவாசல் (வெள்ளி, காலை 7.15)

அந்தக் காரணப் பத்தியை அப்படியே உயிலில் சேருங்கள், மொழியைத் திருத்த வேண்டாம். நான் பார்த்த எத்தனையோ உயிலில் இவ்வளவு நல்ல பத்தி இல்லை.

வடக்குக்கடலான் (வெள்ளி, இரவு 9.00)

வரும் வியாழன் பதிவு. திங்கள், புதன், சனி படகு கடலுக்குப் போகும், அதனால் வியாழன்தான் எல்லோரும் கரையில் இருப்பார்கள். சாட்சிக்கு அப்பாவைப் பார்க்கிற டாக்டரும், ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவரும். அப்பா வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணக் கொடுத்திருக்கிறாராம்.

ஒரே சந்தேகம். படகுக்கு எதையெல்லாம் எழுத வேண்டும்? ஐ.என்.டி. டி.என். என்று தொடங்குகிற எண் போதுமா?

பழையபத்திரம் (சனி, காலை 6.10)

அந்தப் பதிவு எண்ணைப் பலகையைப் பார்த்து எழுதாமல் பதிவுச் சான்றைப் பார்த்து எழுதுங்கள், பெயிண்ட் அடிக்கிறவன் எண்ணை மாற்றிய கேஸ் உண்டு. படகின் நீளம், கட்டிய வருடம், எஞ்சின் கம்பெனி, எஞ்சின் எண். வலையும் ஜி.பி.எஸ். கருவியும் சேர்ந்தது என்றும் ஒரு வரி. மீன்வளத் துறையில் பெயர் மாற்றும்போது இதெல்லாம் கேட்பார்கள். எஞ்சின் பில் வீட்டில் இருக்கிறதா?

வடக்குக்கடலான் (சனி, காலை 9.40)

வீட்டில் இல்லை. தம்பி தேடிப் பார்த்துவிட்டு இப்போதுதான் சொன்னான், அது தேவிபட்டினத்தில், தங்கச்சி பீரோவில், அடகுச் சீட்டோடு சேர்த்துப் பின் போட்டு இருக்கிறதாம். வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறாள்.